சுண்டு விரல் இடைவெளி

மற்றவர்களுக்குச் சாப்பிடச் சொல்லித் தருவது என் வேலை. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சாப்பிடக்கூடவா ஒருத்தி வந்து பழக்க வேண்டும் என்று. வேண்டும். ஒரு பெரிய ஹோட்டலில், புதிதாகப் பரிமாற வருகிறவர்களுக்கு மேசை போடுவதிலிருந்து தட்டு எடுப்பது வரை கற்றுத்தருவதுதான் இருபத்திரண்டு வருஷமாக என் பிழைப்பு. பரிமாறுகிறவனுக்குச் சாப்பிடுகிறவன் கை தெரிய வேண்டும். கத்தியும் முள்கரண்டியும் தட்டில் ஒட்டிப் படுத்திருந்தால் முடிந்தது, எடுக்கலாம். அகன்று கிடந்தால் இன்னும் சாப்பிடுகிறார், கிட்டே போகாதே. ஒரு நாட்டுக்காரர் கறியை மொத்தமாக வெட்டி வைத்துக்கொண்டு, கத்தியைக் கீழே போட்டுவிட்டு, முள்கரண்டியை வலது கைக்கு மாற்றிக்கொள்வார். அதைப் பார்த்தாலே இன்னொரு நாட்டுக்காரருக்கு முகம் சுளியும். அவருக்குக் கடைசி வாய் வரைக்கும் முள்கரண்டி இடது கையில்தான். வேறொருத்தருக்கு ஸ்பூன்தான் எஜமான், முள்கரண்டி வெறும் எடுபிடி. அவரவர் செய்வது ஒழுங்கு, அடுத்தவர் செய்வது அசிங்கம். இதைப் பாடமாகச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற என்னால், என் அப்பாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்ல முடிந்ததில்லை.

நான் பிறவியிலேயே இடக்கை. வீட்டில் அதற்குப் பீச்சாங்கை என்று பெயர். நாலு வயதிலிருந்து பதினொரு வயது வரை, சாப்பாட்டு வேளையில் என் இடது கையை அப்பா நாற்காலியின் பின்கட்டையோடு ஒரு துண்டால் கட்டிவைப்பார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். கட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவார். என் வலது கை சோற்றை அள்ளினால் பாதி மடியில் விழும். அம்மா வந்து பொறுக்குவாள். "அப்பா உன் நல்லதுக்குத்தான் பண்றார்" என்று சொல்லிக்கொண்டே பொறுக்குவாள். நான் அழுதுகொண்டே மெல்லுவேன். எனக்குப் பின்னால் பிறந்த தம்பி முழு வலக்கை. அதனால் அவன் வீட்டில் ராஜா.

ஹோட்டலில் சேர்ந்த முதல் நாள் எங்கள் பயிற்சியாளர் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, "ஃபோர்க் இடது கையில. எவனாவது வலது கைக்கு மாத்தினீங்க, எழுந்து வெளிய போயிடணும்" என்றார். பதினோரு பேரும் கண்ணில் குத்திக்கொள்ளாத குறை. என் கை மட்டும் தானாகப் போய் எடுத்தது, குத்தியது, வாய்க்கு வந்தது. கத்தி பிடிக்க வலது கையும் தயாராக இருந்தது, அப்பா புண்ணியத்தில். "எல்லாரும் இந்தப் பொண்ணைப் பாருங்க" என்றார் அவர். நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இருபத்தாறு வயதில் முதல்தடவையாக என் இடது கையை ஒருவர் நாலு பேர் முன்னால் மெச்சியிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் அப்பாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. தம்பி போனில், "உயிருக்கு ஒண்ணும் இல்லக்கா. ஆனா வலது கை இனிமே வராதாம்" என்றான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. ஒரு கணம்தான். பிறகுதான் அழுகை வந்தது. வரிசை அதுதான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

அம்மா போன பிறகு அப்பா, தான் கட்டிய வீட்டில் தம்பி குடும்பத்தோடுதான் இருந்தார். குளிப்பாட்ட, துணி மாற்ற ஒரு ஆள் காலையில் வந்து போனாள். மூன்று வேளையும் ஊட்டுவது தம்பி மனைவியின் தலையில் விழுந்தது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவளும் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள்.

"வாயை மூடிக்கிட்டு முகத்தைத் திருப்பிக்கிறார் அண்ணி" என்றாள். "ஒரு தட்டுச் சோறு உள்ள போக ஒண்ணரை மணி நேரம். நான் வேலைக்குப் போறதா, இவர் வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிறதா? இடது கை நல்லாத்தானே இருக்கு? ஸ்பூனைக் குடுத்தா தட்டி விடறார். தானா சாப்பிட்டார்னா காலம் பூரா வச்சுக்கிறேன். இல்லன்னா முதியோர் இல்லம்தான். ஃபார்ம் வாங்கி வச்சாச்சு."

நான் எங்கே வைத்துக்கொள்வது? ஹோட்டல் குவார்ட்டர்ஸில் எனக்கு ஓர் அறை, அதிலும் பாதி இன்னொருத்தியுடையது. பத்து நாள் லீவு போட்டு வந்தேன். ஊருக்கெல்லாம் கை பழக்குகிறவள், அப்பனுக்குப் பழக்க முடியாதா என்று ஒரு வீறாப்பு. தம்பியும் அவன் மனைவியும் அந்தப் பத்து நாளும் அவளுடைய அம்மா வீட்டில் போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்ப்பது, அப்பா தானாகச் சாப்பிட்டால் இந்த வீடு, இல்லாவிட்டால் இல்லம் என்று பேச்சு.

அப்பாவுக்கும் இதைச் சொன்னோம். அவருக்குப் பேச்சு குழறும், ஆனால் புரியும். "இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன்" என்றார். அஞ்சல் நிலையத்தில் முப்பத்துநாலு வருஷம் கடிதம் பிரித்துப் போட்டுக் கட்டிய வீடு அது. அங்கே அவருக்கு ஆமை என்று பெயர். மற்றவர்கள் மூன்று கட்டு பிரிப்பதற்குள் இவர் ஒரு கட்டு பிரிப்பாராம். அந்தக் கேலியை எல்லாம் சகித்துக்கொண்டு கட்டிய வீடு.

முதல் நாள் குழைந்த சோறும் பருப்பும் போட்டு, இடது கையில் ஸ்பூனை வைத்தேன். கை திறக்கவே இல்லை.

"அந்தக் கையையா வாயில வைக்கச் சொல்ற?"

"கை எங்கப்பா படுது? ஸ்பூன்தானே படுது. உலகத்துல பாதிப் பேர் இடது கையில ஃபோர்க்கைப் பிடிச்சுத்தான் சாப்பிடறான். ராஜா வீட்டு விருந்துலயும் அப்படித்தான்."

"அவனுங்க காகிதத்துல துடைக்கிறவனுங்க."

"அதையும் வலது கையாலதான் துடைக்கிறான். அப்ப இடது கை சுத்தம்தானே?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கோணிய வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. ஆனாலும் கை திறக்கவில்லை. அன்று நான் ஊட்டினேன், என் வலது கையால். இரண்டாவது வாயை வேண்டுமென்றே இடது கையால் நீட்டினேன். வாய் பூட்டிக்கொண்டது. என்னைக் கட்டிப்போட்டவரின் ஒரு கை செத்துக் கிடக்கிறது, பசி வேறு, அப்போதும் என் இடது கை நீட்டிய சோறு அவருக்கு அசிங்கம். தட்டை அப்படியே கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தேன். பிறகு மனசு கேட்காமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் மாலை, "கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன். "ஜன்னலையும்." அதையும் சாத்தினேன். மூன்றாம் நாள் காலை அதே போல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வந்தபோது, ஸ்பூனை எடுத்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பயிற்சியைப் பார் என்று உள்ளுக்குள் கொட்டமடித்தேன். நாலாம் நாள் முள்கரண்டி கொடுத்தேன், வேகவைத்த உருளைக்கிழங்கு. அதுவும் உள்ளே போனது. ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பழக்கமில்லாத கையால் சாப்பிடுகிறவனை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். முழங்கை வெளியே பறக்கும். ஸ்பூன் உதட்டுக்கு வருமுன் கவிழும். கையால் முடியாமல் கழுத்து நீண்டு ஸ்பூனைத் தேடிப் போகும். எவனுக்கும் இது கைவர மூன்று வாரமாவது ஆகும். அப்பாவுக்கு முழங்கை விலாவை விட்டு அசையவில்லை. மணிக்கட்டு தக்க சமயத்தில் தானாகத் திரும்பியது. கழுத்து நேராக இருந்தது. இது பழகுகிற கை இல்லை. இது காத்திருந்த கை.

அந்த நேரம் பார்த்து மேசை ஓரத்திலிருந்த மாத்திரைப் பட்டை சரிந்தது. கீழே விழுமுன் அவர் இடது கை போய்ப் பிடித்துவிட்டது. பிடித்த பிறகு அவரே அந்தக் கையைப் பார்த்தார்.

"அப்பா, நீங்க இடக்கைதானே?"

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

"யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல. கை சொல்லுது."

மாத்திரைப் பட்டையை மேசையில் வைத்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னார். "எங்கப்பா சூடு வச்சார். ரெண்டு தடவை. கரண்டியைப் பழுக்கக் காய்ச்சி, உள்ளங்கையில. ஆறு வயசுல ஒண்ணு, ஏழுல ஒண்ணு. அப்புறம் அந்தக் கையை நான் தூக்கினதே இல்ல."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப என்னை ஏம்ப்பா கட்டினீங்க?"

கேட்டுவிட்டேன். நாற்பது வருஷம் தொண்டையில் நின்ற கேள்வி அவ்வளவு சின்னதாக வெளியே வந்தது. அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பதில் கூடவா தெரியாது என்கிற மாதிரி.

"உனக்கு நான் சூடா வச்சேன்? துண்டுலதானே கட்டினேன். அதையும் இறுக்கிக் கட்டல. சுண்டு விரல் போற இடைவெளி விட்டுத்தான் கட்டுவேன். தினமும் விரலை விட்டுப் பாத்துட்டுத்தான் உக்காருவேன்."

அதைப் பெருமையாகச் சொன்னார். அவருடைய அப்பாவைவிடத் தான் எவ்வளவோ நல்ல அப்பா என்பதற்கு அதுதான் சாட்சி. இத்தனை நாளும் அவர் தெரியாமல் செய்தார் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்து மனிதர், வலக்கைக்காரர், அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று பாதி மன்னித்தும் வைத்திருந்தேன். தெரிந்தே செய்திருக்கிறார். சோற்றைக் கண்டதும் எந்தக் கை முந்தும், முந்தவிடாமல் பிடித்தால் தோளில் எந்த இடத்தில் வலிக்கும் என்பதெல்லாம் அங்குலம் அங்குலமாகத் தெரிந்த ஒரே ஆள், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"தம்பிகிட்ட சொல்லாத" என்றார்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மிச்ச நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், நன்றாகத்தான் போயின. அதுதான் கொடுமை. கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டோம். எட்டாம் நாள் நானும் இடது கையால் சாப்பிட்டேன், ஸ்பூன் இல்லாமல், விரலால். அவர் பார்த்தார். தன் தட்டிலிருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கை முள்கரண்டியால் என் தட்டுக்குத் தள்ளினார். நான் சாப்பிட்டேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தப்புப் பண்ணிட்டேன்மா என்று வேண்டாம். உனக்கும் எனக்கும் ஒரே கை என்று சொன்னால்கூடப் போதும், அதோடு எல்லாவற்றையும் மறந்துவிட நான் தயாராக இருந்தேன். "உப்பு கம்மி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியும் அவன் மனைவியும் வந்தார்கள். அவள் முகம் தெளிந்திருந்தது. "எப்படி இருக்கார் அண்ணி?" என்று வாசலிலேயே கேட்டாள். கேட்ட விதத்தில் ஆசை இருந்தது. அவளுக்கும் அவரை அனுப்ப மனசில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

நாலு பேருக்கும் தட்டு வைத்தேன். அப்பா தட்டுக்கு இடது பக்கம் முள்கரண்டி, பக்கத்தில் ஸ்பூன். கதவு திறந்திருந்தது, ஜன்னல் திறந்திருந்தது, எதிரில் அவருடைய வலக்கைப் பிள்ளை. அப்பா தட்டைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். மெதுவாக இடது கையைத் தொடைக்குக் கீழே செருகி, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சாப்பிடுங்கப்பா" என்றான் தம்பி.

"பசிக்கல."

"ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்கப்பா. அக்கா பத்து நாள் லீவு போட்டுட்டு வந்திருக்கா."

அப்பா அசையவில்லை. நெற்றியில் வேர்த்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி ஸ்பூனை எடுத்து அவர் பக்கம் நீட்டிப் பார்த்தாள். கை வெளியே வரவில்லை. கடைசியில் தம்பி என் பக்கம் திரும்பினான்.

"வரலையாக்கா?"

அப்பாவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கெஞ்சியது. சொல்லிவிடாதே என்றுதான் கெஞ்சியது. காப்பாற்று என்று இல்லை. ஒரு வார்த்தை போதும். இவர் பிறவி இடக்கைடா, எல்லாம் வரும், உன் முன்னால கூச்சம், கொஞ்சம் வெளிய போய் நில்லு என்று நான் சொன்னால் முடிந்தது. வீடு அவருக்கு நிற்கும். மானம் போகும். பிள்ளை முன்னால் போகிற மானம் என்ன பெரிய மானம்? இரண்டு நாளில் சரியாகியிருக்கும்.

"வரலை" என்றேன்.

அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று குவார்ட்டர்ஸில் என் அறைத்தோழியிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் நம்பினாள். உண்மை அது இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அவர் மேல் இரக்கமே இல்லை. நான் இருக்கிற கூட்டத்தில் தானும் இருப்பதாக ஒத்துக்கொள்வதைவிட, கட்டிய வீட்டையே விடத் துணிந்துவிட்டார் அந்த மனிதர். அவ்வளவு கேவலமா நான்? போகட்டும் என்று இருந்தது. முழு மனதோடு, போகட்டும்.

தம்பி எழுந்து கை கழுவப் போய்விட்டான். அவன் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் வலது கையால் அவருக்கு ஊட்டினாள். மூன்று மாதமாக முகத்தைத் திருப்பிய மனிதர், அன்று ஒவ்வொரு வாய்க்கும் சமர்த்தாக வாயைத் திறந்தார். கால் மணியில் தட்டு காலி.

மறுநாள் காலை அவரை இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். நான் வேலைக்கு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை வகுப்பு நடுவில் போன் வந்தது. இல்லத்து நர்ஸ். தம்பி எடுக்காததால் என்னைக் கூப்பிட்டாளாம்.

"சின்ன சந்தேகம் மேடம். ஃபார்ம்ல அப்பாவுக்கு வலது கைப்பழக்கம்னு உங்க தம்பி எழுதியிருக்கார். உதவி இல்லாம சாப்பிட முடியாதுன்னும் போட்டிருக்கு. ரெண்டுமே தப்பா இருக்கே?"

"ஏன், என்ன ஆச்சு?"

"வந்த அன்னிக்கே தானா சாப்பிட்டார் மேடம். ஹாலுக்கு நடுவுல உக்காந்து, இடது கையால. அவ்வளவு சுத்தமா. பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்குக் கை நடுங்கும், அவருக்கும் இவரே ஊட்டி விடறார். எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம் பழகினீங்கன்னு கேட்டேன். பழகறதாவது, நான் பொறந்ததுலேருந்தே பீச்சாங்கைம்மான்னு சொல்லிச் சிரிக்கிறார். இங்க எல்லாருக்கும் அவர் அந்தப் பேர்தான். பீச்சாங்கை தாத்தா."

எதிரில் பதினைந்து பேர் முள்கரண்டியைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இடது கைன்னே மாத்திக்கட்டுமா மேடம்?"

"மாத்திக்குங்க."

"ஆச்சரியமா இருக்கு. வீட்டுல யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.